பெட்டிக்காரரின் கட்டைவிரல்

"நாலு மணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆய்வாளர் வர்றார். அதுக்குள்ள எல்லார் மெஷின்லயும் பாஸ்வேர்டு பெட்டி ஒரே வெர்ஷன்ல இருக்கணும். இல்லேன்னா திங்கட்கிழமை நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாம்."

முதலாளியம்மா இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பெட்டிக்காரர் வழக்கம்போலப் பயப்பட்டிருப்பார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டிக்காரருக்கு அது இன்னும் மோசம்.

"ஆகட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். அது பாட்டுக்கு இருந்தது. அதற்கென்ன, விரல்தானே.

அது லிஃப்ட் பராமரிக்கும் அலுவலகம். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இங்கேதான் ஃபோன் அடிக்கும். பெட்டிக்காரருக்கு உத்தியோகப் பெயர் கணினி நிர்வாகி. அலுவலகத்துப் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரு செயலிக்குள் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். செயலிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. எல்லாரும் அதைப் 'பெட்டி' என்றார்கள். அவர் பெட்டிக்காரர் ஆனார்.

ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டியைத் திறக்க ஒரு பெரிய பாஸ்வேர்டு. மற்றவர்கள் தங்கள் பெரிய பாஸ்வேர்டை மறந்தால் பெட்டிக்காரர் மாற்றிக் கொடுக்கலாம். பெட்டிக்காரர் மறந்தால் மாற்றிக் கொடுக்க ஆள் கிடையாது.

பெட்டிக்காரர் மறந்திருந்தார்.

நேற்று இன்று மறந்ததில்லை. எப்போது மறந்தது என்பதே மறந்துவிட்டது. கட்டைவிரலை வைத்தால் பெட்டி திறந்துகொள்ளும். பிறகு யார் பாஸ்வேர்டை நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் புது வெர்ஷனை ஏற்றும்போது மட்டும் பெட்டி விரலை நம்பாது. பெரிய பாஸ்வேர்டை ஒருமுறை அடிக்கச் சொல்லும். மற்றவர்களுக்குப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் புது வெர்ஷன் தானாக ஏறிவிடும். நிர்வாகிக்கு மட்டும் சலுகையாக 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. உலகத்தில் பெட்டிக்காரருக்கு மிகவும் பிடித்த பொத்தான் அதுதான். வெர்ஷன் நாலில் தொடங்கி அதை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

கட்டைவிரலை அவர் காப்பாற்றி வந்ததுபோல ஒரு தாய் கைக்குழந்தையைக்கூடக் காப்பாற்றியிருக்க மாட்டாள். வீட்டில் காய் நறுக்க மாட்டார். ஆணி அடிக்க மாட்டார். கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு டாக்டரைக் கட்டியிருக்கலாம், அவராவது ஆபரேஷனுக்குத்தான் கையுறை போடுவார்," என்று மனைவி சொல்லிக்காட்டுவாள். அவளிடமும் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். வெட்கத்துக்கு அடியில் பயம்.

யார் யாரிடம் எந்த வெர்ஷன் என்று தன் திரையில் பார்த்தார். கணக்கர் அக்காவிடம் மூன்று. தன்னிடம் நாலு. மெக்கானிக்கிடம் ஆறு. புதிதாகச் சேர்ந்த வரவேற்புப் பெண்ணிடம் ஒன்பது. அக்காவின் கணினி கிழடு, அதனால் மூன்று. மெக்கானிக்கின் ஃபோன் முழுக்கக் கிரீஸ், அதனால் ஆறு. பெட்டிக்காரர் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

எல்லாரையும் ஒன்பதுக்கு ஏற்றினால் அவரும் ஏற வேண்டும். ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஏன் எல்லாரும் ஏற வேண்டும்? எல்லாரும் நாலுக்கு இறங்கி வந்தால் ஆகாதா?

நேராக முதலாளியம்மாவிடம் போனார். "மேடம், புது வெர்ஷன்ல பாதுகாப்புக் குறை இருக்கு. எல்லாரையும் நாலுக்குக் கொண்டு வந்துடலாம்னு பார்க்குறேன்."

"நாலு நல்லதா?"

"ரொம்ப நல்லது மேடம். நானே அதுலதான் இருக்கேன்."

"அப்ப சரி," என்று முதலாளியம்மா மேசையிலிருந்த காகிதங்களில் கையெழுத்துப் போடக் குனிந்தார். பெட்டிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வந்த உயிர் அதிக நேரம் தங்குவதாக இல்லை.

முதலில் கணக்கர் அக்காவிடம் போனார். மூன்றை நாலாக்கினார். நல்லபடியாகவே ஏறியது. ஏறியதும், 'பெரிய பாஸ்வேர்டை இடவும்' என்று கேட்டது.

"அக்கா, உங்க பாஸ்வேர்டை மட்டும் ஒரு தடவை அடிச்சிடுங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு பெட்டிக்காரரைப் பார்த்தார்.

"உங்க எதிர்லயா? நீங்கதானே சொன்னீங்க தம்பி, கட்டின புருஷன் எதிர்லகூட அடிக்கக் கூடாதுன்னு."

"நான் வேணும்னா திரும்பி நின்னுக்கறேன்."

"சத்தம் கேட்குமே. எத்தனை எழுத்துன்னு எண்ணிடலாம். நீங்க போங்க, நான் அப்புறமா நிதானமா அடிச்சுக்கறேன்."

பெட்டிக்காரருக்குக் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட ஒழுக்கம்! தான் சொன்ன ஒரு வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்ட இந்த மனுஷிக்கு, சொன்னவனே மறந்துவிட்டான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? பயம் இன்னொரு சுற்றுப் பருத்தது.

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம்.

"அண்ணே, உங்க பெட்டி விஷயமாப் பேசணும்."

"பெட்டி வண்டியில இருக்கு சார்."

"அந்தப் பெட்டி இல்லை. நம்ம பெட்டி."

"ஸ்பானர் பெட்டிதானே? வண்டியிலதான் இருக்கு. நான் லிஃப்ட் குழியில நிக்கறேன், அப்புறம் பேசட்டுமா?"

குழிக்குள் நிற்பவர் காதில் எது விழும்? மெக்கானிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வரவேற்பு மேசைக்கு நகர்ந்தார்.

வரவேற்புப் பெண் சின்னவள். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பாள். அவளுடைய ஒன்பதை நீக்கிவிட்டு நாலை ஏற்றினார். நாலு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'இந்தப் பெட்டி புதிய வெர்ஷனில் பூட்டப்பட்டது. என்னால் திறக்க இயலாது. புதுப் பெட்டி தொடங்கலாமா?' என்று கேட்டது. கீழே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இருந்தன. இந்த இடத்தில் 'பிறகு' என்று ஒன்றை வைக்காமல் போன மகானை மனதுக்குள் திட்டினார். பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுமாறுகிறவர் என்று நினைத்துவிடப் போகிறாளே என்று 'ஆம்' என்பதை அழுத்திவிட்டார்.

தன் இடத்துக்கு ஓடிவந்து பார்த்தால், அவள் பெயருக்கு எதிரே 'காலி' என்று இருந்தது.

லிஃப்டுகளைக் கண்காணிக்கும் திரையின் பாஸ்வேர்டு அவளிடம்தான் இருந்தது. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவள்தான் அந்தத் திரையைத் திறந்து, லிஃப்டை உசுப்பி, கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாஸ்வேர்டு கேட்கும்படி அந்தத் திரையை அமைத்த கெட்டிக்காரரும் சாட்சாத் நம் பெட்டிக்காரர்தான்.

திரும்பவும் அவளிடம் போய்ச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஒண்ணும் இல்லம்மா. சின்ன வேலை நடக்குது. கொஞ்ச நேரம் பெட்டியைத் திறக்காம இரு."

"சரி சார், திறக்கலை," என்றாள் அவள் உடனே. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அந்த வெள்ளை மனசு அவர் நெஞ்சைப் பிசைந்தது.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் 'எல்லாவற்றையும் சமன் செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அவர் இதுவரை தொட்டதில்லை. மற்றவர்கள் பெட்டியிலிருந்து எடுத்து இவள் பெட்டியை நிரப்பும் போலிருக்கிறது என்று நம்பினார். நம்ப வேண்டிய நிலைமை. அழுத்தினார். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றி நின்றதும் பார்த்தார்.

கணக்கர் அக்கா: காலி. மெக்கானிக்: காலி. வரவேற்பு: காலி. முதலாளியம்மா: காலி.

முதலாளியம்மா!

வரவேற்புப் பெண்ணின் காலி எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பெட்டியில் வைத்த தீ வீடு முழுக்கப் பிடித்துவிட்டது. வங்கிக் கணக்கு போயிற்று, மின்னஞ்சல் போயிற்று, உதிரிப் பாகம் வாங்கும் தளம் போயிற்று, லிஃப்ட் திரை போயிற்று. ஊரெல்லாம் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் ஜனங்கள் இரும்புக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, 'யாருய்யா அந்தப் பெட்டிக்காரன்?' என்று கேட்பது அவர் காதில் விழுந்தது. அவர் வலது கைக் கட்டைவிரல் தன்னையறியாமல் வாய்க்குள் போயிருந்தது.

நல்லவேளை, காப்பு நகல் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தார். 'மிக முக்கியமான செயல் என்பதால் விரல் ஏற்கப்படாது. பெரிய பாஸ்வேர்டை இடவும். ஐந்து முறை தவறினால் நகல் தானாக அழியும்.'

இப்படி ஒரு செயலியைத் தேடிப்பிடித்து வாங்கியவன் யார் என்று கேட்கக்கூட அவருக்கு வழியில்லை.

முதலில் திருமண நாளை அடித்துப் பார்த்தார். தவறு. மகளின் செல்லப்பெயரை அடித்தார். தவறு. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மனைவிக்கு ஃபோன் செய்தார்.

"நான் தூக்கத்துல ஏதாவது பேசுவேனா?"

"என்ன கேள்வி இது, பட்டப்பகல்ல? உடம்பு சரியில்லையா?"

"சொல்லு. ஏதாவது வார்த்தை, எண், ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணுதான் சொல்வீங்க. 'பிறகு, பிறகு'ன்னு முனகுவீங்க. நானும் என்ன பிறகுன்னு கேட்டுப் பார்த்துட்டேன். திரும்பிப் படுத்துக்குவீங்க."

"வேற?"

"வேற என்ன? குறட்டைதான். ஏங்க, குரல் ஏன் நடுங்குது? எங்க இருக்கீங்க? எதிரொலி கேட்குது."

"மீட்டிங்ல இருக்கேன்," என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து 'பிறகு' என்றே அடித்துப் பார்த்தார். தவறு. மனைவியின் பெயரோடு வீட்டு எண்ணைச் சேர்த்து அடித்தார். தவறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று பெட்டி சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. இதற்குள் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். திறக்கவில்லை. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பயத்தில் கடித்துக் கடித்து ரேகையையே காணோம். காய் நறுக்காமல், ஆணி அடிக்காமல், கையுறைக்குள் பொத்திப் பொத்திக் காத்த விரலைத் தன் பல்லாலேயே தின்றுவிட்டிருந்தார்.

கணினிக்கு மட்டும் உள்ள சின்னப் பாஸ்வேர்டைப் போட்டு எப்படியோ உள்ளே நுழைந்தார். அந்தச் சிவப்பு எழுத்து அங்கேயே காத்திருந்தது. கடைசி வாய்ப்புக்காகக் கண்ணை மூடி யோசித்தார். மெல்ல, மிக மெல்ல, ஒரு வார்த்தை நினைவின் ஓரத்தில் தட்டுப்பட்டது. ஆட்டுக்குட்டியா? இல்லை, ஆட்டோவா? ஆவில் தொடங்குவது நிச்சயம். 'ஆ' என்று ஓர் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, அடுத்த எழுத்துக்காக விரலைத் தூக்கி வைத்திருந்தார்.

"என்ன, எல்லாம் முடிஞ்சுதா?"

முதலாளியம்மா பின்னால் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பெட்டிக்காரர் துள்ளிய துள்ளலில் தூக்கி வைத்திருந்த விரல் எண்டர் விசையின் மேல் பொத்தென்று விழுந்தது.

'நகல் அழிக்கப்பட்டது.'

"முடிஞ்சுது மேடம்," என்றார் பெட்டிக்காரர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நல்லது. ஆய்வாளர் வந்துட்டார். மீட்டிங் ரூமுக்கு வாங்க."

எழுந்தார். வரவேற்பைக் கடக்கும்போது ஃபோன் அடித்தது. பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்... மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுலயா? கூட யாராவது இருக்காங்களா? குழந்தையா? பயப்படாதீங்க."

இதோ, வந்துவிட்டது. ஒரு தாயும் குழந்தையும் அந்தரத்தில் நிற்கிறார்கள். காரணம் அவர். அவளிடம் ஓடிப்போய், "அம்மா, அந்தத் திரை... அந்தப் பாஸ்வேர்டு..." என்று குழறினார்.

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு விசைப்பலகையில் படபடவென்று ஏதோ தட்டினாள். லிஃப்ட் திரை திறந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள். "இப்ப இறங்குதா மேடம்? கதவு திறந்துச்சா? சரி, தைரியமா வெளிய வாங்க," என்று வைத்துவிட்டு, "என்ன சார்?" என்றாள்.

திரை எப்படித் திறந்தது? பெட்டி காலி. நகல் இல்லை. இவள் எதைத் தட்டினாள்? அந்தக் கேள்வியைக் கேட்டால் எது வெளியே வருமோ என்ற பயத்தில் கேட்காமலே நகர்ந்துவிட்டார்.

மீட்டிங் ரூம் என்றாலே அவருக்கு ஆகாது. பெட்டியை அறிமுகம் செய்த அன்று அங்கேதான் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். போர்டில் 'இப்படி ஒருபோதும் வைக்காதீர்கள்' என்று தலைப்பு எழுதியதும் பேனா காய்ந்துவிட்டது. முதலாளியம்மாவின் மேசையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்துவந்து, கீழே மோசமான பாஸ்வேர்டுக்கு ஓர் உதாரணம் எழுதினார்: 'லிஃப்ட்' என்று ஆங்கிலத்தில், பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பேனா அழியாத மைப் பேனா. மறுநாள் துடைத்தபோது தலைப்பு போய்விட்டது, உதாரணம் போகவில்லை. என்னென்னவோ போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "புது போர்டு!" என்று முதலாளியம்மா அன்று சிரித்த சிரிப்பை நினைத்து, அந்த அறைக்குள் போனால் இன்றுவரை தலையைக் குனிந்தபடியே உட்காருவார்.

இன்றும் குனிந்தபடியே உட்கார்ந்தார். எதிரே ஆய்வாளர், மெலிந்த மனிதர். மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் பெட்டிக்காரருக்கு இன்னும் உதறும். கணக்கர் அக்காவும் ஓரமாக வந்து உட்கார்ந்தார். வரவேற்புப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆய்வாளர்.

அவ்வளவுதான். பெட்டிக்காரருக்குள் இத்தனை நாளாகத் தாழிட்டு வைத்திருந்த ஏதோ ஒன்று உடைந்துவிட்டது.

"ஐயா, நானே சொல்லிடறேன். எனக்கு என் பாஸ்வேர்டு தெரியாது. மறந்து போச்சு. அதை மறைக்கத்தான் எல்லாரையும் நாலுக்கு இறக்கப் பார்த்தேன். இறக்கப் போய் எல்லார் பெட்டியையும் காலி பண்ணிட்டேன். காப்பு நகலையும் அழிச்சுட்டேன். அக்கா, மன்னிச்சிடுங்க. நீங்க கட்டின புருஷன்கிட்டகூடக் காட்டாம காப்பாத்தினதை நான் ஒரு நிமிஷத்துல தொலைச்சுட்டேன். மேடம், நான் திங்கட்கிழமை வரலை."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுதார். அக்கா ஏனோ கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவருக்குப் புரியவில்லை.

ஆய்வாளர் தன் கையடக்கத் திரையில் பெட்டியின் பழைய பதிவுகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். திரும்பப் பார்த்தார்.

"நீங்க எதையும் அழிக்கலையே," என்றார் மெதுவாக. "அழிச்சிருந்தா 'அழிக்கப்பட்டது'ன்னு வரும். இதுல 'காலி'ன்னுதானே இருக்கு? காலின்னா, என்னிக்குமே எதுவும் வச்சதில்லைன்னு அர்த்தம்."

"புரியலீங்க."

"இந்தச் செயலியை ஒரு தடவை திறந்தாலே தானாப் புது வெர்ஷன் ஏறிடும். பெட்டி வந்த அன்னிக்கு இருந்த வெர்ஷன் மூணு. இந்த அம்மாகிட்ட இன்னிக்குக் காலையில வரைக்கும் மூணுதான். மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தப்போ ஆறு; அவர்கிட்ட ஆறு. இந்தப் பொண்ணு சேர்ந்தப்போ ஒன்பது, ஒன்பதாவே இருந்திருக்கு. சேர்ந்த அன்னிக்கு ஏத்தினதோட சரி, யாரும் திறக்கவே இல்லை. திறந்துக்கிட்டு இருந்த ஒரே ஆள் நீங்கதான்."

பெட்டிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாடியை விட்டு நிமிரவில்லை. முதலாளியம்மாவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளியம்மா அவர் பார்வையைத் தவிர்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படின்னா..." பெட்டிக்காரர் மெல்ல வரவேற்புப் பெண்ணின் பக்கம் திரும்பினார். இப்போது வந்த பயம் காலையிலிருந்து வந்த எந்தப் பயத்தைப்போலவும் இல்லை. "அப்படின்னா, இப்ப அந்த லிஃப்ட் திரையை எதை அடிச்சும்மா திறந்தே?"

அவள் தண்ணீர்த் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையை அவர் தலைக்கு மேலே போர்டுப் பக்கம் நீட்டினாள்.

"இதோ, இதைத்தான் சார்! இங்க எல்லாருக்கும் எல்லாத்துக்கும் இதுதானே? நான் சேர்ந்த அன்னிக்கே அக்கா கூட்டிட்டு வந்து காட்டினாங்க, யாரும் எப்பவும் மறந்துடக் கூடாதுன்னு நீங்களே அழியாத மையில எழுதி வச்சீங்கன்னு!"